தவசியின் முதுகுக்கு ஒரு பெட்டி

மேலச்செங்குளத்து ஆட்கள் இருபத்தொரு நாள் எலிக்குஞ்சு மாதிரி பேசித் திரிந்தார்கள், எருமைகள் பூனைக்குட்டி மாதிரி கத்தின, இடி இடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் வந்தது, இத்தனைக்கும் காரணம் ஒரு படி சோளம், வேறெதுவும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த ஊரில் போய் விசாரித்தால் நடந்ததா இல்லையா என்று ஒருவரும் வாதாட மாட்டார்கள், அந்த இருபத்தொரு நாளில் யார் வீட்டுக்காரர்கள் நன்றாகத் தூங்கினார்கள் என்றுதான் இன்னும் சண்டை போடுவார்கள்.

செல்லத்தாயின் மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பு. அதில் அவள் மகள் பாண்டிமீனா வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தாள். வயது பதினெட்டு. பத்தாம் வகுப்பில் இரண்டு முக்கோணங்கள் சமம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள், அவள் இரண்டையும் காகிதத்தில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் காட்டினாள், இது நிரூபணம் இல்லை என்று டீச்சர் சொன்னார், கண்ணால் பார்த்த பிறகு வேறென்ன நிரூபணம் என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனில் பார்த்தும் பழைய பெட்டிகளை உடைத்துப் பார்த்தும் தொழில் கற்றாள். ஏழு பெட்டி வீணாய்ப் போனது. எட்டாவது பெட்டி அதிர்ந்த அதிர்ச்சியில் மில்லுக் கூரையில் இருபது வருடமாக ஒட்டிக் கிடந்த மாவெல்லாம் உதிர்ந்து செல்லத்தாயின் தலையில் கொட்டியது, அன்றிலிருந்து மகளைப் பள்ளிக்கூடம் போகச் சொல்வதை ஊர் நிறுத்திக்கொண்டது.

சித்திரை மாதத்தில் ஒரு காலை நேரம், தவசி தன் பிக்கப் வண்டியைச் சாய்ப்புக்கு முன்னால் நிறுத்தி இறங்கி, சீட்டுக்குப் பின்னால் வைக்க, அடிச்சத்தத்தை அதிர அடிக்கிற சப்வூஃபர் பெட்டி ஒன்று வேண்டும் என்றான். தவசிக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் போனது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான், பதில் சொல்வது மட்டும் கிணற்றுக்குள் அண்டாவை உருட்டுகிற குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும், ஏனென்றால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவனுக்குத் தெரியாது. முறையாக லைசென்ஸ் வாங்கி, வண்டியின் முன்னும் பின்னும் அதற்கான ஸ்டிக்கர் ஒட்டி, தினமும் மதுரைக்குத் தக்காளி ஏற்றிப் போய் வருகிறவன்.

எதிர்த்த டீக்கடை பெஞ்சில் வார்டு மெம்பர் பூவலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அந்தத் தலையை அவரே தடவிக்கொண்டு, “தாயி, அவனுக்கு சப்வூஃபர் செஞ்சு முடிச்சதும் எனக்கு ஒரு சீப்பு செஞ்சு குடு” என்றார், கடையில் இருந்தவர்களெல்லாம் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.

பாண்டிமீனா சிரிக்கவில்லை. அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தவசிக்கு நேர் எதிரில் வந்து நின்றாள்.

“அண்ணே, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத்தான் காது கேக்காதே, அப்புறம் இது எதுக்கு?”

“காதுக்கு இல்ல தங்கச்சி” என்றான் தவசி. “முதுகுக்கு.”

கோயில் உறுமி அடித்தால் அவன் விலா எலும்பில் அடிக்குமாம். செல்லத்தாயின் மில் ஓடுவது உள்ளங்காலில் தெரியுமாம். பஸ் வந்தால் தொடையில், இடி இடித்தால் பல்லில். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எஞ்சின் உதறலைத் தவிர ஒன்றும் இல்லை. “போக அறுபது கிலோமீட்டரு, வர அறுபது. ஊர்ல எல்லா டிரைவரும் பாட்டு கேட்டுக்கிட்டுப் போறான். நான் மட்டும் வெறும் முதுகோட போய் வெறும் முதுகோட வர்றேன். எனக்கும் ஒரு பாட்டு வேணும். நல்லா சாத்துற பாட்டு.”

இவ்வளவு தெளிவாக ஒரு வாடிக்கையாளர் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. மற்றவர்கள் எல்லோரும் ‘சும்மா அதிரணும்’ என்பார்கள், எங்கே அதிர வேண்டும், யாருக்கு அதிர வேண்டும் என்றால் முழிப்பார்கள். பாண்டிமீனா டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னால் இடம் குறைவு, அதிலும் சீட்டு சாய்ந்திருப்பதால் கீழே அகலம், மேலே ஒடுக்கம், ஒரு பக்கம் ஜாக்கி வைக்கிற மேடு வேறு. கனமான பிளைவுட்டை வாங்கி, சாய்வுக்குச் சாய்வு அறுத்து, பசை தடவி, ஸ்குரூ முடுக்கி, இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசி, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டி, முதுகுப் பக்கம் சீட்டோடு இறுக்கி உட்காருகிற மாதிரி பெட்டியைக் கட்டினாள், மேல்பலகையை மட்டும் மூடாமல் விட்டாள். ஸ்பீக்கருக்கு உள்ளே எவ்வளவு காற்று வேண்டும் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. காற்று குறைந்தால் தகரம் தட்டுவது போலிருக்கும், கூடினால் சாக்கைத் தட்டுவது போலிருக்கும். கோணல் பெட்டிக்குக் கணக்குப் போட்டு அளவு கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கலாம், அவர்கள் பள்ளிக்கூடத்தை விடாதவர்கள். பாண்டிமீனா சோளம் கொட்டி அளப்பாள். இந்த ஸ்பீக்கருக்கு முப்பத்தாறு படி காற்று என்றால் வட்டத்தை அட்டையால் அடைத்துவிட்டு, திறந்த பெட்டிக்குள் முப்பத்தாறு படி சோளத்தைக் கொட்டி நிரவி, சோளம் நிற்கிற இடத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு மேலே உள்ளதை அறுத்துத் தள்ளி மூடிவிடுவாள். அதில் தப்பு வந்ததே கிடையாது.

அன்றைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள், அடுத்தது நேராக ரெண்டு. செல்லத்தாய் பிறந்ததிலிருந்து அப்படித்தான் அளக்கிறாள், பாண்டிமீனாவும் அம்மாவைப் பார்த்து அப்படித்தான் அளப்பாள். அன்றைக்கு முதல் படியைக் கொட்டி “லாபம்” என்று சொல்லி வாயை மூடவில்லை, மில் வாசலிலிருந்து பூவலிங்கம், “ஏ மீனா, என் கம்பு அரைச்சாச்சா?” என்று கத்தினார். “அரைச்சு அரை மணி நேரமாச்சு, தூக்கிட்டுப் போங்க, இடத்த அடைக்குது” என்று இவள் கத்தினாள். கத்திவிட்டு விட்ட இடத்தைப் பிடித்தாள்: “ஒண்ணு.” அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. அவள் முப்பத்தாறு என்று சொன்னபோது பெட்டிக்குள் முப்பத்தேழு படி இருந்தது. அவள் பார்க்கவில்லை. கோடு போட்டாள், அறுத்தாள், மூடினாள், கறுப்புத் துணி ஒட்டினாள், வண்டியில் ஏற்றி ஒயரை மாட்டினாள்.

ஒரு பெட்டிக்குள் யாருக்கும் சேராத ஒரு படி காற்று இருந்தால் அது பசிக்கும். ஏன் பசிக்கிறது என்று கேட்கிறவர்கள் போய் வேறு கதை படிக்கலாம்.

பாட்டைப் போட்டார்கள். தும் என்று ஒன்று வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை, பாடுகிறவரின் குரல் மட்டும் கொசு மாதிரி மேலே சுற்றியது. அதே நேரத்தில் முன்பக்கம் மில்லின் சத்தம் நின்றது. மில் நிற்கவில்லை, பட்டை சுற்றுகிறது, மாவு கொட்டுகிறது, சத்தம்தான் இல்லை. செல்லத்தாய் வெளியே வந்து, “என்னடி செஞ்ச?” என்று கேட்டாள், அது மூணு வயசுப் பிள்ளை கேட்ட மாதிரி இருந்தது. டீக்கடையில் பூவலிங்கம், “கரண்டு போச்சா?” என்றார். பூவலிங்கத்தின் குரல் மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல், அந்தக் குரலுக்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டார்கள், அது அப்போது கிளிக்குஞ்சு கொய்யாப்பழம் கேட்கிற மாதிரி வந்தது. கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சிரித்தவர்களுக்கும் அதே கதிதான் என்று முதல் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் தவசி மதுரைக்குக் கிளம்பினான், அவன் வண்டி குளத்துக்கரையைத் தாண்டியதும் ஊருக்கு அடித்தொண்டை திரும்பி வந்தது, மில் உறுமியது, எருமைகள் எருமைகளாயின. மத்தியானம் அவன் வந்து வண்டியை நிறுத்தியதும் எல்லாம் போயிற்று. ஆக இது பெட்டியின் வேலை என்று ஊருக்கு விளங்கிவிட்டது. பெரிய சத்தம், கனத்த சத்தம், அடியில் கிடக்கிற சத்தம் எதுவானாலும் அந்தப் பெட்டி உறிஞ்சிக் குடித்துவிடும், கீச்சுக் குரலையும் சிட்டுக்குருவியையும் விட்டுவிடும். மதுரை மார்க்கெட்டிலும் அவன் நிற்கிற ஒரு மணி நேரம் எல்லோரும் கீச்சென்றுதான் பேசியிருப்பார்கள், அந்தக் கூட்டத்தில் யார் கவனித்தார்கள்.

“தங்கச்சி, முதுகுல ஒண்ணும் தட்டலையே” என்று தவசி வந்து நின்றான்.

“புது ஸ்பீக்கருண்ணே, இளகணும். ஒரு வாரம் ஓட்டுங்க” என்றாள் பாண்டிமீனா. பொய் சொல்லவில்லை, அவள் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு வாரத்தில் ஸ்பீக்கர் இளகவில்லை, ஊர் இளகிவிட்டது. முதலில் கண்டுபிடித்தவள் ராக்கம்மா. அவள் வீட்டுக்காரர் ராமையா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் விடுகிற குறட்டையில் அடுப்படியில் தட்டு நகரும், அந்த வாரம் அவர் ஊதலை மறந்த பலூன்காரர் மாதிரி சும்மா புஸ் புஸ் என்று மூச்சு விட்டார், ராக்கம்மா பதினாலு வருடத்தில் முதல்தடவையாக மத்தியானம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்குப் போய் அதன் பானட்டுக்குக் குங்குமம் வைத்தாள். வரப்புச் சண்டையில் ஆறு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் அரிவாளோடு எதிரெதிரே நின்று கத்தினார்கள், இரண்டு சுண்டெலி கத்துகிற மாதிரி இருந்தது, அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, தம்பிக்கும் வந்தது, சிரித்துக்கொண்டே வரப்பை அளந்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். போர் போடுகிற லாரி வந்து எழுநூறு அடி தோண்டிவிட்டுப் போனது, பக்கத்துத் தொட்டிலில் கிடந்த குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. பூவலிங்கத்தின் குரலை அவராலேயே சகிக்க முடியாததால் வார்டு கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, மூன்று வருடமாகப் பேசிப் பேசிக் கிடந்த சாக்கடை வேலை அந்த வாரமே ஆரம்பித்தது. கோயிலில் பூசை உறுமி டிக் டிக் என்றது, சாமியாடி எழும்பவில்லை, சாமியும் கொஞ்சம் தூங்கட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

செல்லத்தாய்க்கு நேர்ந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. முப்பது வருடமாக அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மில் நின்றது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள்.

“நீ சாதாரணமாத்தான் பேசுற” என்றாள்.

“பின்ன?”

“இல்லடி, பதினெட்டு வருசமா நீ என்கிட்ட கத்துறேன்னே நினைச்சுட்டிருந்தேன்.”

“கத்தத்தான் செஞ்சேன். மில்லு ஓடும்போது கத்தாம எப்படிப் பேசுறது?”

அம்மாவும் மகளும் அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாத விஷயங்களைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாவது நாள் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. தவசியின் தக்காளியைத் தினமும் வேறு வண்டி மதுரைக்குக் கொண்டுபோகும், தவசியின் வண்டி ஊரைவிட்டு நகரக் கூடாது. திங்கட்கிழமை மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, புதன் பள்ளிக்கூடத்து வாசல் என்று முறை போட்டார்கள். எந்தத் தெருவில் வண்டி நிற்கிறதோ அந்தத் தெருவில் தவசிக்குச் சாப்பாடு, அதுவும் கறியும் மீனுமாக. வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். தவசிக்குச் சங்கடம். இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரித்து அவன் கண்டதில்லை, முன்னால் சிரித்த சிரிப்பு வேறு. இலையில் சோறு போடுகிற கையைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டான், திண்டாடினான், பேசாமலிருந்தான்.

இருபதாவது நாள் குளத்துக்கரை ரோட்டில் அவன் நடந்து போய்க்கொண்டிருந்தான், பின்னால் மண் ஏற்றிய டிப்பர் லாரி வந்தது. எப்போதும் அவன் அதை இருநூறு அடிக்கு முன்னாலேயே உள்ளங்காலில் கேட்டு ஒதுங்கிவிடுவான். அன்றைக்குத் தரை செத்துக் கிடந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்ததில் டிப்பர் மயிரிழையில் விலகியது, தவசி கருவேலம் முள்ளுக்குள் போய் விழுந்தான்.

முள் கிழித்த கையோடும் கிழிந்த சட்டையோடும் நேராகச் சாய்ப்புக்கு வந்தான். பாண்டிமீனா வேறொரு பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

“தங்கச்சி, நான் பாட்டு கேட்டு வந்தேன்” என்றான், அந்த அண்டாக் குரல் இல்லை, பீப்பி மாதிரி ஒரு குரல். அது அவனுக்குத் தெரியாது. ஆனால் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினான். “பேசுனா இங்க அடிக்கும். அடிக்கல. மில்லு கால்ல வரும். வரல. முன்னாடி எனக்குக் காது மட்டும்தான் இல்ல. இப்ப ஊரே இல்ல.”

பாண்டிமீனாவுக்கு முதலில் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் தேடிப் பார்த்ததில் தன்மேல்தான் என்று தெரிந்தது. ஊர் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தது, இருபது நாளாக அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், பெட்டி செய்யச் சொன்ன ஆளை மட்டும் கேட்கவில்லை.

“வேலை நான் செஞ்சது, தப்பும் நான் செஞ்சதாத்தான் இருக்கும்” என்றாள் உதடு தெரிய. “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டியக் கொண்டாங்க.”

அம்மாவை உட்கார வைத்து, பெட்டி செய்த கதையை முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பலகை சரி. பசை சரி. வட்டம் சரி. சோளம் அளந்ததை அப்படியே கையால் அளந்து காட்டினாள்: “லாபம்... அப்ப இந்த மெம்பர் கத்துனாரு... ஒண்ணு, ரெண்டு...”

செல்லத்தாய் தலையிலேயே அடித்துக்கொண்டாள். “அடி கழுதை, லாபம்னு சொன்னதே ஒண்ணுதானடி!”

ஒரு படி. ஒரு படி இடத்தை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். பாண்டிமீனா ஒரு பானையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, சுவரோரம் கிடந்த ஒரு செங்கல்லைப் பாலிதீன் பையில் இறுக்கிச் சுற்றி உள்ளே இறக்கி, வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்து பார்த்தாள். சரியாக ஒரு படி. ஊரையே மாற்றிப்போட்ட ஒரு விஷயத்துக்கு மருந்து ஒரு செங்கல் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

சேதி பரவிவிட்டது. மறுநாள் பத்து மணிக்குத் தவசி வண்டியோடு வந்தான், பின்னாலேயே ஊர் வந்தது. இருநூறு பேர் கீச்சுக் கீச்சென்று பேசினால் எப்படி இருக்கும், புளியமரத்தில் மைனா அடைகிற சத்தம்தான்.

“தவசி எங்க வீட்டுப் புள்ள” என்றார் பூவலிங்கம். “அவனுக்கு என்ன வேணும்னாலும் ஊரு செய்யும். பெட்டி மட்டும் இப்படியே இருக்கட்டும்.”

“அவருக்கு வேணும்ங்கிறதே பெட்டிதான்” என்றாள் பாண்டிமீனா.

“வேற பெட்டி செஞ்சு குடேன்.”

“எத்தனை செஞ்சாலும் இது குடிச்சிரும்.”

ராக்கம்மா முன்னால் வந்தாள். “மீனா, மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. ஒருத்தருக்காக இந்த ஊரு முழுக்கக் குறட்டை கேக்கணுமா?”

“ஊரு முழுக்க எதுக்குக் கேக்கணும், உங்க வீட்டுக் குறட்டைய நீங்க கேளுங்க. அதுக்கு அவரு ஏங்க்கா லாரியில அடிபடணும்?”

ராமையா எங்கேயோ பின்னால் நின்று, “நான் அப்படியெல்லாம் விடமாட்டேன்” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூவலிங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. “பெட்டியில கைய வச்சீன்னா இனிமே உங்க மில்லுல ஒருத்தரும் அரைக்க மாட்டோம், சொல்லிட்டேன்” என்றார். அந்தக் குரலில் யாரையும் மிரட்ட முடியாது, ஆனாலும் அது மிரட்டல்தான். எல்லோரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள். பாண்டிமீனாவும் பார்த்தாள், ஏனென்றால் இந்த ஊரிலேயே அந்த இருபது நாள் அமைதியை அதிகமாக விரும்பியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

செல்லத்தாய் முந்தானையால் கையைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள்.

“என் காது இப்பத்தான் ஆறிக் கெடக்கு” என்றாள். “இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா தப்பா அளந்தது என் வீட்டுச் சோளம். அந்தப் புள்ள கேட்டது ஒண்ணு, நாங்க குடுத்தது ஒண்ணு. நீங்க அடுத்த ஊர்லயே அரைச்சுக்கங்க மெம்பரே, கம்புல கல்லு கெடக்கும், பாத்துத் தின்னுங்க. ஏ மீனா, கழட்டு.”

பாண்டிமீனா தவசியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள், முதுகை நன்றாகச் சாய்த்துக்கொள்ளச் சொன்னாள், சீட்டுக்குப் பின்னால் நுழைந்து ஸ்பீக்கரின் எட்டு ஸ்குரூவையும் கழற்றி, ஸ்பீக்கரைத் தூக்கி வெளியே எடுத்தாள்.

பெட்டியின் வட்ட வாயிலிருந்து குடித்த சத்தமெல்லாம் குடித்த வரிசையிலேயே வெளியே வந்தது. பேச்சு இல்லை, வார்த்தை இல்லை, எல்லாவற்றின் அடிப்பாகம் மட்டும். முதலில் மில் வந்தது, தெருவில் கிடந்த கூழாங்கற்கள் துள்ளின, டீக்கடை டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, நின்றவர்களின் வேட்டியும் சேலையும் படபடத்தன. தவசி முதுகை நிமிர்த்தினான்.

“மில்லு” என்றான். அண்டா மறுபடி கிணற்றுக்குள் உருண்டது. “செல்லத்தாயக்கா மில்லு. இடது பேரிங் தேஞ்சிருக்கு, மாத்துங்க.”

அடுத்து ஒன்று வந்தது, கனமாக, நின்று நின்று, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெருமையோடு. “மெம்பர் அண்ணன்” என்றான் தவசி. பூவலிங்கம் வண்டியின் பின்பக்கமாக நெருங்கி வந்தார். “உனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டார், பின்னாலிருந்து கேட்டதால் தவசி பார்க்கவில்லை, அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். இது நாலு பத்து பஸ், பழைய டிரைவரு ஓட்டுறது. இது ராமையாண்ணன் தூங்குறாரு. இது வரப்புச் சண்டை அண்ணன், இது தம்பி, தம்பி குரலு கொஞ்சம் தடிப்பு. இது கீழத்தெரு மூக்கம்மா வீட்டு எருமை, சினையா இருக்கு. இது போன வெள்ளிக்கிழமை இடி. இது கோயில் உறுமி, அடிச்சவருக்குக் கையி வலிச்சிருக்கு, பாதியில இழுக்குறாரு.

மேலச்செங்குளம் வாயடைத்து நின்றது. முப்பது வருடமாகத் தங்கள் நடுவில் ஒன்றும் கேட்காமல் ஒருவன் திரிகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவன் என்னவென்றால் ஒவ்வொருவரையும் முதுகெலும்பில் எழுதி வைத்திருக்கிறான். அப்புறம் வாய் திறந்தது, திறந்தால் மூடுமா, வண்டி ஜன்னலை மொய்த்துக்கொண்டு, “என்னோடது வந்துச்சா தவசி?”, “நான் வந்தேனா?”, “எங்க அய்யா இருமுனது வருதா பாரு” என்று தவசியின் முகத்துக்கு முன்னால் வந்து வந்து உதட்டை அசைத்தார்கள். ராக்கம்மா, தன் வீட்டுக்காரர் குறட்டையை வைத்து அவருக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். “இல்ல, சந்தோசமாத் தூங்குறாரு” என்றான் தவசி. ராக்கம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் எல்லாம் ஓய்ந்து ஒரே ஒரு சத்தம் மிச்சமிருந்தது. மெல்லிய சத்தம், தாழ்வான சத்தம், ஒரே ராகம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இது நீதான் தங்கச்சி” என்றான் தவசி. “பலகை இழைக்கும்போது முனகிக்கிட்டே இழைக்கிற.”

“நான் முனகுறதே இல்ல” என்றாள் பாண்டிமீனா.

“முனகுவ” என்றாள் செல்லத்தாய்.

“எப்ப முனகுனேன்?”

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள், பெட்டி முனகிக்கொண்டே இருந்தது, இருநூறு பேரும் கேட்டார்கள், அதிலும் அது நன்றாகவே இருந்தது. அவளுக்குக் காது சிவந்துவிட்டது. “போதும், கேட்டது போதும், நகருங்க” என்று அதட்டிவிட்டு, பாலிதீன் சுற்றிய செங்கல்லை உள்ளே தள்ளி, ஆடாமல் பசை வைத்து அமுக்கி, ஸ்பீக்கரை உட்கார வைத்து, எட்டு ஸ்குரூவையும் கை வலிக்க முடுக்கினாள்.

பாட்டைப் போட்டாள்.

தும் என்றது. வண்டியின் கதவு தும் என்றது, தெரு தும் என்றது, நின்றவர்களின் நெஞ்செலும்பு தும் என்றது. தவசியின் சட்டை முதுகிலிருந்து தூக்கித் தூக்கி அடித்தது. அவன் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான், முள் கிழித்த கை ஸ்டியரிங்கின்மேல் தாளம் போட்டது, தாளம் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

பாண்டிமீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தடவை கேட்காமல் விடுவதாக இல்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் தோளைத் தட்டினாள். அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

“அண்ணே, சரியா இருக்கா? பத்துதா? இன்னும் கொஞ்சம் ஏத்தவா?”

“தங்கச்சி, செத்த நேரம் பேசாம இரு” என்றான் தவசி. “கேட்டுக்கிட்டிருக்கேன்ல.”